பிரெடெரிக் சார்லஸ் பிரேசர்

பிரெடெரிக் சார்லஸ் பிரேசர் (பெப்ரவரி 15, 1880 – மார்ச் 2, 1963) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் பூச்சியியலாளரும் ஆவார். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இந்திய மருத்துவப் பணியில் அலுவலராக இருந்த இவர், லெப்டினன்ட் கர்னல் என்னும் தகுதியை எய்தியவர். எனினும் அறிவியல் உலகில் இவர் அறியப்படுவது தும்பிகளையும் ஊசித்தட்டான்களையும் பற்றிய ஆய்வுகளுக்காகவே ஆகும். 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த இவரது நூல், இந்தியா, இலங்கை, மியான்மர் ஆகிய நாடுகளின் தும்பிகளை இனங்காண்பதற்கு இன்றளவும் அடிப்படை நூலாக உள்ளது.

தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் அடங்கும் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் ஓடைகளிலிருந்து இவர் பெருந்தொகையான புதிய இனங்களை விவரித்துப் பெயரிட்டார். அவ்வினங்களை இவர் உடலமைப்பைக் கொண்டே பிரித்தறிந்தார். 2003-க்குப் பின்னர் பரவலான டி.என்.ஏ பட்டைக்குறி முறையால் இவரது முடிவுகள் மறுபடியும் சோதிக்கப்பட்டு வருகின்றன. இவர் வகுத்த குடும்பங்கள் சில இச்சோதனைகளால் கலைக்கப்பட்டன. ஆயினும் இவர் விவரித்த இனங்களின் பெயர்கள் இல்லையேல் பட்டைக்குறித் தரவுகளுக்குப் பொருள் கூற இயலாது என்பதால், இவரது பணி புதிய முறைக்கும் அடித்தளமாக அமைந்துள்ளது.

பிறப்பும் மருத்துவப் பணியும்

பிரேசர் 1880-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஊல்விச் என்னும் இடத்தில் பிறந்தார். மருத்துவம் பயின்று இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். படைவீரர்களுக்கு மருத்துவம் செய்வதற்கென உருவான இப்பணியின் அலுவலர்கள், அமைதிக் காலத்தில் மாவட்ட மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பணியாற்றினர். அடிக்கடி இடமாற்றம் பெற்றுப் பல நிலப்பகுதிகளைக் காணும் வாய்ப்பு இவர்களுக்கு இருந்தது. உடற்கூற்றியல் பயிற்சியும், நுண்ணோக்கியைக் கையாளும் பழக்கமும், படம் வரையும் திறனும் இவர்களிடம் இயல்பாக அமைந்திருந்தன.

இக்காரணங்களால் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த பலர் இயற்கை வரலாற்றில் சிறந்து விளங்கினர். 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் உடலுள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், பாம்புகளைப் பற்றி விரிவாக எழுதிய பிராங்க் வால், கடல்வாழ் உயிரிகளை ஆராய்ந்த ஆல்பிரட் வில்லியம் ஆல்காக் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். பிரேசரும் இம்மரபில் வந்தவரே. தும்பியியல் இவருக்கு ஊதியம் தந்த தொழிலன்று. மருத்துவப் பணிக்கு இடையில் கிடைத்த ஓய்வு நேரத்திலேயே இவர் தம் ஆய்வுகளைச் செய்தார்.

இவர் ஆராய்ந்த உயிரிகள்

தும்பிகள் என்பன ஒடோனேட்டா என்னும் பூச்சி வரிசையைச் சேர்ந்தவை. தமிழில் தட்டான், தட்டாரப்பூச்சி, தும்பி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இவ்வரிசை இரு பெரும் பிரிவுகளை உடையது. உடல் தடித்து, அமரும்போது இறக்கைகளை விரித்து வைப்பவை தும்பிகள். உடல் ஊசி போல் மெலிந்து, அமரும்போது இறக்கைகளைப் பெரும்பாலும் முதுகின் மேல் மடக்கி வைப்பவை ஊசித்தட்டான்கள். உலகில் ஏறத்தாழ 6,400 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் 500 அளவிலும், மேற்குத் தொடர்ச்சி மலைகளில் 200-க்கு மேலும் இனங்கள் உள்ளன.

இவை நீரில் அல்லது நீரை ஒட்டிய செடிகளில் முட்டையிடுகின்றன. இளவுயிரிகள் நீருக்குள் வாழ்ந்து கொசுப் புழுக்கள், சிறு மீன்கள் முதலியவற்றை உண்கின்றன. பல முறை தோலுரித்தபின் நீரைவிட்டு வெளியேறி இறக்கை பெறுகின்றன. முதிர்ந்த பூச்சிகளும் பறக்கும்போதே கொசு முதலியவற்றைப் பிடித்து உண்பவை. சில இனங்கள் ஏரி, வயல், சாக்கடை என எந்நீரிலும் வளரும். வேறு சில இனங்களுக்கோ நிழல் படர்ந்த தூய மலையோடை தவிர வேறு வாழிடம் இல்லை. பிரேசரின் கவனம் பெரிதும் இந்த இரண்டாம் வகை மீதே சென்றது.

இந்தியத் தும்பிகள் கட்டுரைத் தொடர்

1918-ஆம் ஆண்டு முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் இந்தியத் தும்பிகள் என்னும் தலைப்பில் பிரேசர் தொடர் கட்டுரைகளை எழுதினார். பல ஆண்டுகள் தொடர்ந்த இத்தொடர், சிறப்பறிஞர் அல்லாதவரும் தும்பிகளை இனங்காணும் வகையில் அமைந்திருந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களில் இருந்தோரும் வனத்துறை அலுவலர்களும் இவ்விதழின் வாசகர்களாக இருந்தனர். அவர்களிற் சிலர் தாம் பிடித்த பூச்சிகளை இவருக்கு அனுப்பி வைத்தனர்.

இக்காலத்தில் பிரேசருக்கு நெருக்கமான ஆய்வுத் துணையாக விளங்கியவர் பிராங்க் பார்ட்டெஸ்க்யூ லெயிட்லா ஆவார். அவரும் ஒரு மருத்துவரே. இருவரும் இந்தியத் தும்பிகளை ஒரே காலத்தில் ஆராய்ந்து, ஒருவர் பெயரை மற்றவர் ஓர் இனத்திற்குச் சூட்டிக் கொண்டனர். லெயிட்லா 1920-இல் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் விரைந்தோடும் ஓடைகளில் வாழும் செந்நிற வயிறுடைய ஓர் ஊசித்தட்டானுக்கு யூபேயா பிரேசரி எனப் பெயரிட்டார். பிரேசர் 1924-இல் தாம் விவரித்த இரு இனங்களுக்கு லெயிட்லாவின் பெயரைச் சூட்டினார்.

1924, 1931 ஆய்வுகள்

பிரேசரின் கள ஆய்வுகளுள் தலையாயது, கல்கத்தாவிலிருந்த இந்திய அருங்காட்சியகத்தின் ஆவணத் தொடரில் 1924-இல் வெளியான கட்டுரை ஆகும். மேற்கு இந்தியாவின் தும்பிகளைப் பற்றிய அக்கட்டுரையில் 30 புதிய இனங்களை அவர் விவரித்தார். மாக்ரோமியா, இடியோனிக்ஸ் என்னும் இரு பேரினங்களுக்கு அதில் தனிக் கவனம் அளித்தார். 1931-இல் அதே தொடரில் அதற்கு ஒரு பிற்சேர்க்கை எழுதி, மேலும் 9 புதிய இனங்களைச் சேர்த்தார். இக்காரணத்தால் தென்னிந்தியத் தும்பிகளின் பட்டியலை இன்று பார்ப்பவர், பிரேசர், 1924 என்றும் பிரேசர், 1931 என்றும் குறிக்கப்பட்ட பெயர்களை மிகுதியாகக் காணலாம்.

இடியோனிக்ஸ் பேரினத்தைச் சேர்ந்தவற்றைப் பிடிப்பது எளிதன்று. இவை சிறியவை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தோன்றுபவை, காட்டின் நிழலிலும் அந்தி வெளிச்சத்திலும் பறப்பவை. எனவே இவற்றின் இனங்கள் பல, மிகச் சில மாதிரிகளைக் கொண்டே விவரிக்கப்பட்டன. தென்னிந்தியாவில் இப்பேரினத்தின் பெரும்பாலான இனங்களை விவரித்தவர் பிரேசரே. அவற்றின் எல்லைகளைத் தெளிவாக்குவது பிற்கால ஆய்வாளர்க்குக் கடினமான பணியாக இருந்து வருகிறது.

இனங்கள் மட்டுமன்றிப் பல பேரினங்களையும் பிரேசர் நிறுவினார். எஸ்மே (1922), மெலனோநியூரா (1922), டேவிடியாய்டிஸ் (1924), கேலோசைபா (1928) ஆகியன அவற்றுட் சில. இவை யாவும் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழ்பவை.

அறிவியற் பெயர்களில் தென்னிந்திய ஊர்கள்

பிரேசர் சூட்டிய பெயர்கள் பலவற்றில் அவர் ஆய்ந்த மலைகளும் ஊர்களும் ஆறுகளும் இடம் பெற்றுள்ளன.

- எஸ்மே முடியென்சிஸ் (1931): வால்பாறைக்கு அருகிலுள்ள முடீஸ் மலைப்பகுதி
- மாக்ரோமியா அண்ணைமல்லையென்சிஸ் (1931): ஆனைமலை
- இடியோனிக்ஸ் நட்கனியென்சிஸ் (1924): நீலகிரி மாவட்டத்தின் நாடுகாணி
- இடியோனிக்ஸ் பெரியசோலா (1939): பெரியசோலை
- இடியோனிக்ஸ் திராவன்கோரென்சிஸ் (1931): திருவிதாங்கூர்
- மெரோகோம்பஸ் தாமரச்சேரியென்சிஸ் (1931): வயநாட்டு மலையடிவாரத்தின் தாமரச்சேரி
- கோம்பிடியா கொடகுவென்சிஸ் (1923): குடகு
- பர்மகோம்பஸ் காவேரிகஸ் (1926): காவிரி ஆறு

இத்தகைய பெயர்கள் பிற்கால ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவன. ஓர் இனத்தின் பெயர் எந்த இடத்து மாதிரியின் மேல் நிறுவப்பட்டதோ அவ்விடத்திற்கு வகைமாதிரி இடம் என்று பெயர். ஐயம் எழும்போது அவ்விடத்திற்கே சென்று புதிய மாதிரிகளைத் தேடுவது வகைப்பாட்டியலின் வழக்கம்.

அறிவியற் பெயரைத் தொடர்ந்து விவரித்தவர் பெயரும் ஆண்டும் எழுதப்படும். அவை அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவ்வினம் முதலில் வேறு ஒரு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டது என்று பொருள். பிரேசரின் பெயர் இரு வகையிலும் காணப்படுகிறது. இனம் நிலைத்திருக்க, அதன் பேரினம் மாறியமைக்கு அடைப்புக்குறிகளே சான்றாகும்.

பிரித்தானிய இந்திய விலங்குகள் நூல்

பிரித்தானிய இந்தியாவின் விலங்குகளை வகைவாரியாக விவரிக்கும் பெருந்தொடர் ஒன்றை இலண்டனில் டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகம் வெளியிட்டு வந்தது. அதில் தும்பிகளுக்குரிய தொகுதிகளை எழுதும் பொறுப்பு பிரேசருக்கு அளிக்கப்பட்டது. 1933-இல் 423 பக்கங்களுடன் முதல் தொகுதியும், 1934-இல் 398 பக்கங்களுடன் இரண்டாம் தொகுதியும், 1936-இல் 461 பக்கங்களுடன் மூன்றாம் தொகுதியும் வெளிவந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களும் துணையினங்களும் இவற்றில் விவரிக்கப்பட்டுள்ளன.

முதல் தொகுதி ஊசித்தட்டான்களின் பெரும்பகுதியையும், இரண்டாம் தொகுதி எஞ்சிய ஊசித்தட்டான்களையும் கோம்பிடே குடும்பத்தையும், மூன்றாம் தொகுதி ஏனைய தும்பிகளையும் கூறுகின்றன. ஒவ்வோர் இனத்திற்கும் ஆண், பெண் ஆகியவற்றின் அளவு, நிறம், இறக்கை நரம்புகள், பரவல் ஆகியன தரப்பட்டுள்ளன. பல இனங்களைப் பொறுத்தவரை வாழிடம் பற்றிய குறிப்புகளும் உள்ளன.

இனங்காணும் முறை

பிரேசரின் நூலில் இனங்காண் அட்டவணைகள் சிறப்பிடம் பெறுகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று மாறான இரு கூற்றுகள் கொடுக்கப்பட்டிருக்கும். கையிலுள்ள மாதிரிக்குப் பொருந்தும் கூற்றைத் தேர்ந்து அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இறுதியில் இனத்தின் பெயர் கிடைக்கும். இதற்கு அவர் மூன்று வகைப் பண்புகளைப் பயன்படுத்தினார்.

முதலாவது, இறக்கை நரம்புகளின் அமைப்பு. குறுக்கு நரம்புகளின் எண்ணிக்கை, இறக்கை அறைகளின் வடிவம் ஆகியவை பெரும்பாலும் பேரினத்தையும் குடும்பத்தையும் காட்டும். இரண்டாவது, ஆண் பூச்சியின் வால்முனையிலுள்ள பற்றுறுப்புகள். இணைசேரும்போது பெண்ணின் தலையையோ முன்மார்பையோ பற்றும் இவ்வுறுப்புகளின் வடிவம் இனத்திற்கு இனம் வேறுபடும். மூன்றாவது, உடலின் நிறமும் புள்ளிகளும்.

இம்முறைக்கு இயல்பான சில குறைகள் உண்டு. பெண் பூச்சிகளிடம் பற்றுறுப்பு வேறுபாடுகள் தெளிவாக இருப்பதில்லை. புதிதாக இறக்கை பெற்றவை வெளிறிய நிறத்தில் இருக்கும். உலர்த்தி ஊசியிற் குத்தி வைக்கப்பட்ட மாதிரிகளின் நிறம் நாளடைவில் மங்கிவிடும். எல்லாவற்றினும் மேலாக, நீருக்குள் வாழும் இளவுயிரிகளுக்கு இறக்கையும் இல்லை, முதிர்ந்த ஆணின் பற்றுறுப்பும் இல்லை. பிரேசர் பல இளவுயிரிகளை விவரித்துள்ளார் எனினும், ஓர் இளவுயிரி எந்த இனத்தைச் சேர்ந்தது என்று உறுதி செய்ய அதனை வளர்த்து இறக்கை பெறும் வரை காத்திருப்பதே அக்காலத்தில் நம்பத்தகுந்த வழியாக இருந்தது.

இறக்கை நரம்புகளும் வகைப்பாடும்

ஆத்திரேலியாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ராபின் ஜான் டில்யார்டுடன் இணைந்து, உலகத் தும்பிகள் அனைத்தையும் இறக்கை நரம்புகளின் அடிப்படையில் மறுவகைப்பாடு செய்யும் பணியில் பிரேசர் ஈடுபட்டார். 1937 சனவரியில் டில்யார்டு கார் விபத்தில் இறந்தார். பிரேசர் அப்பணியைத் தொடர்ந்து முடித்தார். 1938 முதல் 1940 வரை ஆத்திரேலிய விலங்கியல் இதழொன்றில் இருவர் பெயரிலும் அது மூன்று பகுதிகளாக வெளிவந்தது. பின்னர் பிரேசர் தனியாக எழுதிய 133 பக்க மறுவகைப்பாட்டு நூல் 1957-இல் சிட்னியில் வெளியானது. பல்லாண்டுகளாகத் தும்பி ஆய்வாளர்கள் இவ்வகைப்பாட்டையே பின்பற்றினர்.

இவ்வகைப்பாட்டின் அடிப்படைக் கருத்து, நரம்பமைப்பு ஒத்திருந்தால் உறவும் நெருக்கமாக இருக்கும் என்பதாகும். புதைபடிவங்களில் பெரும்பாலும் இறக்கைகளே எஞ்சுவதால் இக்கருத்து பயனுடையதாகத் தோன்றியது. ஆயினும் நரம்புகள் குறைந்துபோவது தொடர்பற்ற கிளைகளிலும் தனித்தனியே நிகழலாம் என்பதே இதன் வலுவற்ற பகுதியாகப் பின்னர் வெளிப்பட்டது.

ஓய்வுக்காலம்

இந்தியாவிலிருந்து ஓய்வு பெற்றபின் பிரேசர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ன்மத்தில் வாழ்ந்தார். ஆய்வை அவர் நிறுத்தவில்லை. ஆப்பிரிக்கா, மடகாசுகர் முதலிய பகுதிகளின் தும்பிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1949-இல் பிரித்தானியத் தும்பிகளுக்கான இனங்காண் கையேட்டையும், 1956-இல் மடகாசுகரின் தும்பிகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். 1963-ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று தமது 83-ஆம் அகவையில் காலமானார். அவர் திரட்டிய மாதிரிகளுள் மிகப் பல இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

டி.என்.ஏ பட்டைக்குறி

பிரேசர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 2003-இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய இனங்காண் முறையை முன்மொழிந்தனர். கடைப்பொருள்களைப் பட்டைக்குறியால் அடையாளம் காண்பது போல, உயிரினங்களை ஒரு குறிப்பிட்ட மரபணுப் பகுதியால் அடையாளம் காணலாம் என்பது அம்முறையின் கருத்து. விலங்குகளில் இதற்கெனத் தெரிவு செய்யப்பட்டது, உயிரணுவின் இழைமணியிலுள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் 1 என்னும் மரபணுவின் ஏறத்தாழ 658 எழுத்துகள் கொண்ட பகுதி ஆகும்.

தும்பிகளைப் பொறுத்தவரை, ஒரு காலை மட்டும் எடுத்து எத்தனாலில் வைத்தாலே சோதனைக்குப் போதுமானது. அதிலிருந்து டி.என்.ஏ பிரிக்கப்பட்டு, பாலிமரேஸ் தொடர்வினை மூலம் குறித்த பகுதி பன்மடங்காகப் பெருக்கப்படும். பின்னர் அதன் எழுத்து வரிசை படிக்கப்பட்டு, போல்டு எனப்படும் பன்னாட்டுத் தரவுத்தளத்திலுள்ள வரிசைகளோடு ஒப்பிடப்படும். பொதுவாக ஓர் இனத்தினுள் காணப்படும் வேறுபாடு சிறியதாகவும், இனங்களுக்கு இடையிலான வேறுபாடு பெரியதாகவும் இருக்கும். ஆண், பெண், இளவுயிரி, முட்டை, பறவையின் வயிற்றிலுள்ள சிதைந்த துண்டு என எதுவாயினும் வரிசை ஒன்றே என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. பிரேசரின் அட்டவணைகளால் எட்ட இயலாத இளவுயிரிகளையும் பெண்களையும் இம்முறை எட்டுகிறது.

மரபணுச் சோதனையில் பிரேசரின் முடிவுகள்

மூலக்கூற்று ஆய்வுகள் பிரேசரின் பணியில் மூன்று வகையான விளைவுகளை ஏற்படுத்தியுள்ளன.

முதலாவது, இனங்கள் கூடுதலாகப் பிரிந்தமை. மெலனோநியூரா பேரினத்தை 1922-இல் பிரேசர் மெலனோநியூரா பைலினியேட்டா என்னும் ஒரே இனத்தைக் கொண்டு நிறுவினார். நூறாண்டுகளுக்கு மேலாக அப்பேரினத்தில் வேறு இனம் எதுவும் அறியப்படவில்லை. 2025-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பேப்பாறைப் பகுதியிலிருந்து மெலனோநியூரா அகஸ்தியமலைக்கா என்னும் இரண்டாம் இனம் விவரிக்கப்பட்டது. இரண்டும் தோற்றத்தில் மிகவும் ஒத்தவை. எனினும் மேற்கூறிய மரபணுப் பகுதியில் அவற்றுக்கிடையே 7 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தது. உடலமைப்பிலும் வேறுபாடுகள் காணப்பட்டன. பிரேசரின் பழைய இனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தமையாலேயே புதியது புதியதெனத் தெளிவாயிற்று.

இரண்டாவது, இனம் நிலைத்துப் பேரினம் மாறியமை. இலங்கையின் நிழலோடைகளில் வாழும் மெல்லிய ஊசித்தட்டான்கள் சிலவற்றைப் பிரேசர் 1931, 1933 ஆகிய ஆண்டுகளில் விவரித்தார். வாலி, நீட்னேரி, லங்கனென்சிஸ், ஆடமி முதலியன அவற்றின் இனப்பெயர்கள். இவை நெடுங்காலம் தென்கிழக்காசியாவிலும் பரவியுள்ள ட்ரெபனோஸ்டிக்டா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2016-இல் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவொன்று, இலங்கை இனங்கள் தமக்குள் நெருங்கிய உறவுடைய தனிக் கிளை எனக் கண்டு, அவற்றைச் சிலோனோஸ்டிக்டா என்னும் பேரினத்திற்கு மாற்றியது. பிரேசரின் இனங்கள் அப்படியே நீடித்தன.

மூன்றாவது, குடும்பம் கலைந்தமை. இறக்கை நரம்புகள் மிகக் குறைந்த ஊசித்தட்டான்களைப் பிரேசரின் 1957-ஆம் ஆண்டு வகைப்பாடு புரோட்டோநியூரிடே என்னும் ஒரே குடும்பத்தில் வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைகளின் எஸ்மே, மெலனோநியூரா, கேகோநியூரா ஆகியவை இதில் அடங்கியிருந்தன. 2014-இல் வெளியான உலகளாவிய மூலக்கூற்று ஆய்வு, இக்குடும்பம் இயற்கையான தொகுதியன்று என்று காட்டியது. ஆசிய, ஆப்பிரிக்க இனங்கள் பிளாட்டிக்னெமிடிடே குடும்பத்தையும், அமெரிக்க இனங்கள் சீனாக்ரியோனிடே குடும்பத்தையும் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. நரம்புக் குறைவு இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியிருந்தது. இவ்வாய்வுக்குப் பட்டைக்குறிப் பகுதி மட்டும் போதாது. மெதுவாக மாறும் வேறு மரபணுக்களும் ஆராயப்பட்டன.

பட்டைக்குறியின் எல்லைகள்

பட்டைக்குறி ஓர் எழுத்து வரிசையை மட்டுமே தரும். அவ்வரிசைக்குரிய பெயர், முன்னர் சரியாக இனங்காணப்பட்ட ஒரு மாதிரியிலிருந்து வர வேண்டும். தரவுத்தளத்தில் ஒரு மாதிரி தவறான பெயரில் பதிவாகியிருந்தால், அதனோடு ஒப்பிடப்படும் அனைத்தும் அத்தவற்றையே ஏற்கும். எனவே ஒவ்வொரு பதிவின் பின்னும் அருங்காட்சியகத்தில் காக்கப்படும் மாதிரியும், அதை நூல்வழி இனங்கண்டவரின் உழைப்பும் இருப்பது இன்றியமையாதது. தென்னிந்தியத் தும்பிகளுக்கு அந்நூல் பெரும்பாலும் பிரேசரின் நூலே.

இழைமணி தாயிடமிருந்து மட்டுமே வருவதால், இரு இனங்கள் கலந்து பிறந்த கலப்பினத்தைப் பட்டைக்குறி காட்டாது. அண்மைக் காலத்தில் பிரிந்த இனங்கள் ஒரே வரிசையைக் கொண்டிருக்கலாம். இழைமணி மரபணுவின் செயலற்ற படிகள் உயிரணுக் கருவினுள் இருப்பின், அவை தவறுதலாகப் படிக்கப்படும் வாய்ப்பும் உண்டு. குறிப்பிட்ட விழுக்காட்டைத் தாண்டினால் புதிய இனம் என்று கூறும் விதி எதுவும் இல்லை. ஆகவே புதிய இனங்களை விவரிப்போர் மரபணுச் சான்றோடு பற்றுறுப்பு, முன்மார்பு, இறக்கை ஆகியவற்றின் வேறுபாடுகளையும் சேர்த்தே தருகின்றனர்.

பழைய வகைமாதிரிகளிலிருந்து டி.என்.ஏ பெறுவதும் எளிதன்று. நூறாண்டு உலர்ந்த பூச்சியில் அது சிறு துண்டுகளாகச் சிதைந்திருக்கும். மாற்று வழி, வகைமாதிரி இடத்திலிருந்து புதிய மாதிரி பெறுவதாகும். பிரேசர் சென்ற இடங்கள் பல இன்று காப்புக்காடுகளாகவும் காப்பகங்களாகவும் உள்ளமையால் அதற்கு வனத்துறையின் ஒப்புதல் தேவை. வேறு சில இடங்களில் ஓடையோரக் காடு தோட்டமாக மாறிவிட்டது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பயன்பாடு

பிரேசரின் 1924, 1931-ஆம் ஆண்டு ஆய்வுகள் மேற்குப் பகுதியைச் சார்ந்தவை. எனினும் அவரது நூல் நாடு முழுமைக்கும் உரியதாகையால், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தும்பிகளை ஆராய்வோரும் அதனையே நாடுகின்றனர். தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலை அத்தகைய மலைகளுள் ஒன்று. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையில் காப்பியும் மிளகும் பயிரிடப்படுகின்றன. இத்தகைய மலைகளின் சிற்றோடைகள் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் குட்டைகளாகச் சுருங்குவதால், இளவுயிரிகள் நீரில் காணப்படும் காலமும் முதிர்ந்தவை பறக்கும் காலமும் மழையைப் பொறுத்து அமைகின்றன.

ஓடையொன்றில் கிடைக்கும் இளவுயிரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பிரேசரின் அட்டவணையால் அதன் குடும்பத்தையோ பேரினத்தையோ ஒருவாறு அறியலாம். இனத்தை அறிவது அரிது. பட்டைக்குறி எடுத்து, தரவுத்தளத்தில் ஒத்த வரிசை இருந்தால் இனம் உடனே தெரியும். ஒத்த வரிசை இல்லையெனில் அது பெயரற்ற வரிசையாகவே நிற்கும். அப்போது அதே ஓடையில் பறக்கும் முதிர்ந்த ஆணைப் பிடித்து, பிரேசரின் விவரணையோடு ஒப்பிட்டுப் பெயரிட்டு, அதன் வரிசையைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் எவரும் அவ்விளவுயிரியை அடையாளம் காணலாம். இவ்வாறு இரு முறைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

இம்மலைகள் வறண்ட சமவெளிகளால் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளன. வலிமையாகப் பறக்கும் தும்பிகளுக்கு இச்சமவெளி ஒரு தடையன்று. நிழலோடையை விட்டு அகலாத ஊசித்தட்டான்களுக்கோ அது பெருந்தடை. இரு மலைகளிலும் ஒரே பெயரால் அழைக்கப்படும் ஊசித்தட்டான் உண்மையில் ஓரினமா என்பதைச் சோதிக்கப் பட்டைக்குறி ஏற்ற கருவியாகும். பாதுகாப்பு நோக்கில் இக்கேள்வி முதன்மையானது. ஒரு பெயரின் கீழ் இரண்டு இனங்கள் மறைந்திருந்தால், ஒவ்வொன்றும் வாழும் பரப்பு நாம் எண்ணியதைவிடக் குறைவு. ஓர் ஓடை வற்றினாலோ மாசுற்றாலோ, பிற இடங்களில் உள்ளது எனக் கருதப்பட்ட இனம் அடியோடு அழிந்துபோகக்கூடும்.

மதிப்பீடு

பிரேசரின் பணியில் காலத்தால் மாறாதது அவரது கள உழைப்பும் விவரணைகளுமே ஆகும். இறக்கை நரம்புகளை அளவுக்கு மேல் நம்பியமையால் அவரது உயர்நிலை வகைப்பாடு பெரிதும் திருத்தப்பட்டது. அவர் தந்த துணையினங்கள் சில தனி இனங்களாக உயர்த்தப்பட்டன. வேறு சில பெயர்கள் மிகையானவை எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டன. இத்திருத்தங்கள் யாவும் அவர் விட்டுச்சென்ற மாதிரிகளையும், இடக்குறிப்புகளையும், படங்களையும் கொண்டே செய்யப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு விவரணை போதுமான அளவு நுட்பமாக இருந்தால், அதனை எழுதியவரின் முடிவு தவறென்று காட்டவும் அதுவே உதவும் என்பதற்கு இவரது நூல்கள் சான்றாக உள்ளன.

முதன்மைப் படைப்புகள்

- இந்தியத் தும்பிகள், கட்டுரைத் தொடர் (1918 முதல்)
- மேற்கு இந்தியாவின் தும்பிகள் பற்றிய ஆய்வு (1924); அதன் பிற்சேர்க்கை (1931)
- பிரித்தானிய இந்திய விலங்குகள்: ஒடோனேட்டா, மூன்று தொகுதிகள் (1933, 1934, 1936)
- ஒடோனேட்டா வரிசையின் மறுவகைப்பாடு, டில்யார்டுடன் (1938–1940)
- பிரித்தானியத் தும்பிகளின் இனங்காண் கையேடு (1949, இரண்டாம் பதிப்பு 1956)
- மடகாசுகரின் விலங்குகள்: தும்பிகள் (1956)
- ஒடோனேட்டா வரிசையின் மறுவகைப்பாடு (1957)